ட்ரேஸர்களுக்குப் புத்தகம் கிடையாது

1. அந்த வருடம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடிவதற்குள் ஆறு புத்தகங்கள் படித்தேன்.

2. அவற்றில் நான்குக்கு முதல் பக்கமே இல்லை. ஆகையால் பெயர் சொல்ல முடியாது.

3. ஒன்றில் நான்கு அத்தியாயங்களை என் கையாலேயே நகல் எடுத்தேன்.

4. ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போக எனக்கு உரிமை இல்லை. எடுத்துப் போனேன்.

5. அதனால் இன்னொருவருக்கு மெமோ வந்தது.

6. தை மாதம் தேர்வு நடந்தது. நான் எழுதவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், வீணான ட்ரேஸிங் துணியைத் துவைத்துக் கைக்குட்டை தைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த உறையூர் வாசகி ஒருவர், "கைக்குட்டை போகட்டும். நீங்கள் என்னென்ன புத்தகங்கள் படிக்கிறீர்கள்? ஒரு பட்டியல் போடுங்களேன்" என்று எழுதியிருக்கிறார். பட்டியல் என்று யாராவது சொன்னால் போதும், என் கை தானாக எண் போட ஆரம்பித்துவிடும். மேலே இருப்பது அப்படி வந்ததுதான். இனி விளக்கம்.

கண்ணாடி அலமாரி

அரியமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இரும்புக் கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்கிறது. பெயர் வேண்டாம். வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன்கள் பென்சிலால் படம் போடுவார்கள். அதன்மேல் மெழுகு போன்ற நீலத் துணியை விரித்து, சாக்பீஸ் பொடி தேய்த்து, அதே கோடுகளை மையால் போடுவது ட்ரேஸர்களின் வேலை. கோடு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு. போட்ட கோட்டின்மேல் கோடு போடுபவர்கள் நாங்கள்.

ட்ரேஸர்களில் பெண்கள் இரண்டு பேர். நான், பாலக்கரையிலிருந்து வரும் மேரி. இருவரும் இரண்டு வருட டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவர்கள். ஆனாலும் கிடைத்தது ட்ரேஸர் வேலைதான்.

அந்த ஐப்பசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்று வருடம் முடித்த ட்ரேஸர்கள் டிராஃப்ட்ஸ்மேன் தேர்வு எழுதலாம். எங்கள் பிரிவில் முதல் தடவையாக அப்படி ஒரு வாய்ப்பு. பாடத்திட்டத்தின் முதல் வரியிலேயே ஓர் ஆங்கிலக் கையேட்டின் பெயர் இருந்தது.

அந்தக் கையேடு பச்சை அட்டையோடு, செங்கல் கனத்தில், எங்கள் பிரிவின் கண்ணாடி அலமாரிக்குள்ளேயே இருந்தது. கண்ணாடியின் உட்புறம் டைப் அடித்த ஒரு தாள்: 'டிராஃப்ட்ஸ்மேன்களுக்கும் அவர்களுக்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும். ட்ரேஸர்களுக்குப் புத்தகம் கிடையாது.'

அலமாரிச் சாவி ரிக்கார்டு கிளார்க் ஜமால் பாயிடம். நாற்பது வயது இருக்கும். சந்தனக் கலரில் ஒரே மாதிரி நான்கு சட்டை வைத்திருப்பவர்.

"பாய், அந்தப் பச்சை அட்டை..."

"தெரியுது தங்கச்சி. நீங்களும் மேரியும் ஒரு வாரமா அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டிருக்கீங்க."

"தலை சீவல பாய். புத்தகத்தோட பேரைப் படிக்கிறோம்."

"பேரைப் படிக்கறதுக்குத் தடை இல்ல. கண்ணாடி வழியா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கோங்க. தொடறதுக்குத்தான் ரூல்."

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாங்க என்ன அதைத் தின்னுடுவோமா?" என்றாள்.

டவுனில் எல்லாப் புத்தகக் கடையிலும் கேட்டாகிவிட்டது. சென்னைக்கும் எழுதினேன். சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று கார்டு வந்தது. தேர்வு மூன்று மாதத்தில்.

நான்கு வாரம் காணாமல் போன கதை

ஒருநாள் மதிய இடைவேளையில் நான் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது ஜமால் பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்க ஸ்ரீரங்கத்துல அந்த டூரிங் டாக்கீஸ் தொடர்கதையைக் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"உங்களுக்கா பாய்?"

"எனக்கா? நம்ம வூட்டுல. மூணாவது பிரசவத்துக்கு அவ அம்மா வூட்டுக்குப் போயிருந்தா. அந்த ஊருக்குப் பத்திரிகை வராது. நாலு வாரம் போயிடுச்சு. திரும்பி வந்து பாத்தா கொட்டகை வேற ஊர்ல நிக்குது, கொட்டகைக்காரப் பொண்ணோட புருஷன்காரன் ஜெயில்ல உக்காந்திருக்கான். எப்படிப் போனான்னு தெரியாம என் உசிரை எடுக்கறா. புள்ளைக்குப் பேரு வச்சு, அது தவழவும் ஆரம்பிச்சுடுச்சு. இவ இன்னும் அந்த நாலு வாரத்தையே பேசிக்கிட்டிருக்கா."

"கதையைக் கேட்டு வந்து சொல்லிடறேனே."

"நானும் அப்படித்தான் சொன்னேன். சுருக்கம் வேணாமாம். முழுசா வேணுமாம்."

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். ஜமால் பாய் அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அலமாரி பூட்டறப்போ ஒரு புத்தகம் வெளியில மறந்துபோய் இருந்துடலாம். எனக்கும் வயசாகுதுல்ல. திங்கக்கிழமை காலையில அது உள்ள இருக்கணும்."

நான் நகல் எடுத்துத் தரும் ஓர் அத்தியாயத்துக்கு, கையேடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஒரு தாள், இரண்டு கதை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு உத்திர வீதியில் வாடகைக்கு இருப்பது. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. மூன்று வீடு தள்ளி கோமளா மாமி. தெருவுக்கு வரும் ஒரே ஒரு வாரப் பத்திரிகை மாமியுடையது. வெள்ளிக்கிழமை வந்ததும் மாமி படிப்பார். பிறகு வரிசையாகப் பதினோரு வீடு போய், அடுத்த வியாழன் மாமியிடமே திரும்பும். மாமி கத்தரிக்கோலை எடுத்துத் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி, ஊசி நூலால் தைத்து, காலண்டர் அட்டையில் பைண்டு செய்துவிடுவார். வீட்டை விட்டு ஒரு தொகுதியும் வெளியே போகாது. கூடத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

மாமியின் தொகுதிகளைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். காரணம் சொல்கிறேன்.

டூரிங் டாக்கீஸ் கதை முடியும் தாளின் பின்பக்கத்தில்தான் வடநாட்டு யாத்திரைத் தொடர் ஆரம்பிக்கும். தாள் ஒன்று, கதை இரண்டு. மாமி இரண்டையும் பைண்டு செய்பவர். அந்தத் தாள் எந்தத் தொகுதிக்குப் போகும்?

"இதிலென்னடி யோசனை?" என்றார் மாமி. "பெருமாள் இருக்கற பக்கந்தான் ஜெயிக்கும்."

ஆக, டூரிங் டாக்கீஸ் தொகுதியில் எந்த அத்தியாயத்துக்கும் கடைசிப் பக்கம் கிடையாது. கொட்டகைக்காரப் பெண் கையில் அரிக்கேனோடு பின்வாசலைத் திறப்பாள். அங்கே நிற்பது யார்? உடனே யாத்திரைத் தொகுதியை எடுத்து, அந்த வாரத்தைத் தேடி, பத்ரிநாத்தில் வெந்நீர் ஊற்று வரும் பக்கத்தைத் திருப்ப வேண்டும். பின்னால் அவள் மயங்கி விழுந்திருப்பாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இரண்டு தொகுதிகளையும் மடியில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையைப் படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெண்ணின் கஷ்டமும் இமயமலையும் ஒன்றோடொன்று கலந்தே நினைவிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நகல் எடுத்தேன். மாமி ஊஞ்சலில்.

"ஏண்டி வசந்தா, அந்த பாய் ஆத்துக்காரியும் இதைத்தான் படிக்கறாளா?"

"ஆமாம் மாமி."

"அவளுக்கு அந்தப் புருஷன் நல்லவனா, கெட்டவனா?"

"நல்லவன்னு நினைக்கறாங்களாம்."

"அசடு!" மாமி ஊஞ்சலை நிறுத்திவிட்டார். "சீக்கிரம் எழுது. பாவம், அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

கதையைப் பற்றி என் கருத்து: பெண் ஒருத்தி ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, புரொஜெக்டரைத் தானே பழுது பார்த்துப் பிழைப்பது என்பது நல்ல விஷயம். புரொஜெக்டர் பற்றி எழுதியது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் வாரா வாரம் படிக்கும்போது தெரியாத ஒன்று, சேர்த்துப் படிக்கும்போது தெரிந்துவிடுகிறது. அவள் சராசரியாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மயங்கி விழுகிறாள். அடுத்த வாரம் வாசகர் திரும்பி வர வேண்டுமே! நானும் வாரப் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் இதற்குமேல் குறை சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மூலத்தில் இருப்பதை ட்ரேஸர் மாற்றக் கூடாது. அது தொழில் தர்மம். மூன்றாவது அத்தியாயத்தில் வரும் மயக்கத்தை நான் விட்டுவிட்டேன். அவள் பேசாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனதாக எழுதினேன்.

திங்கட்கிழமை ஜமால் பாய் சொன்னார்: "எழுத்து பிளான் மாதிரி நறுக்குன்னு இருக்காம். ஆனா 'இந்த வாரம் அவ விழவே இல்லையே, உடம்பு தேறிடுச்சா'ன்னு கேக்கறா."

மற்றவை

யாத்திரைப் புத்தகம்: பயனுள்ளது. எத்தனை படி, எங்கே குடிதண்ணீர், எந்த மாதம் பனி என்று எல்லாம் எண்களோடு இருக்கிறது. ஒரு குறை. ஆசிரியரின் மனைவியும் கூடவே மலை ஏறுகிறார். ஆனால் அவரைப் பற்றி, 'தளிகை ஆயிற்று', அதாவது சமையல் முடிந்தது, என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. கோமளா மாமியிடம் சொன்னேன். "தளிகை தானாவா ஆகும்? விறகு ஈரமா இருந்திருக்கும்" என்றார். அவருக்கும் அது ரொம்ப நாளாக மனதில் இருந்திருக்கிறது.

சமையல் புத்தகம்: அம்மாவுடையது. 'தேவையான அளவு உப்பு', 'பதம் வந்ததும் இறக்கவும்' என்றே எழுதியிருக்கிறார்கள். கூரைப் படத்தில் 'தேவையான அளவு ஆணி' என்று நான் மை போட்டால் அந்தக் கூரையின் கீழ் யார் நிற்பார்கள்? அம்மாவிடம் கேட்டதற்கு, "பதம் தெரிஞ்சவளுக்குப் புத்தகம் எதுக்கு, தெரியாதவளுக்குப் புத்தகம் என்னத்துக்கு?" என்றாள். எனக்குச் சம்மதமில்லை. தெரியாதவளுக்குத்தான் புத்தகம்.

துப்பறியும் நாவல்: மேரி கொடுத்தது. முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால், 'கொலை செய்தவன் மைத்துனன்' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறு கையெழுத்தில், 'பொய், நம்ப வேண்டாம்'. கடைசித் தாள் இல்லை. யார் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று அட்டவணை போட்டேன். டாக்டர்தான் என்பது என் முடிவு. மேரிக்கு மைத்துனன்தான். இன்றுவரை தீரவில்லை.

ரயில்வே கால அட்டவணை: இதையும் நான் புத்தகமாகத்தான் படிக்கிறேன். ஒரு வீண் சொல் கிடையாது. "உலகத்துலேயே பொய் சொல்லாத புத்தகம்" என்பார் அப்பா. "அப்ப லேட்டா வர்ற வண்டியெல்லாம் எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்பாள் அம்மா.

பச்சை அட்டை

ஆறாவது, கையேடு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அதில் கூரைச் சட்டம் ஒன்றின் படம். நான் நூறு தடவை மை போட்டிருக்கும் அதே முக்கோணங்கள். பக்கத்தில், ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு பாரத்தை எந்தத் திசையில் தாங்குகிறது என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். சில கம்பிகள் அழுத்தப்படுகின்றன, சில இழுக்கப்படுகின்றன, ஒன்றிரண்டு சும்மா நிற்கின்றன.

மூன்று வருடமாக நான் அழகாக எழுதிவந்த எண்களுக்கெல்லாம் அர்த்தம் இருந்தது. ஒரு கோட்டுக்குக் கனம் கூட, இன்னொன்றுக்குக் குறைவு என்று சொன்னால் சொன்னபடி போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. எந்தக் கம்பியையும் அது தாங்க வேண்டிய பாரத்துக்குச் சரியாகச் செய்யக் கூடாது, அதைப்போல் சில மடங்கு தாங்கும்படி செய்ய வேண்டும் என்கிறது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கலாம், கணக்குப் போட்டவர் தவறியிருக்கலாம், நினைத்ததைவிடப் பெரிய காற்று வீசலாம். எல்லாம் தெரிந்தவர் எழுதிய புத்தகம்தான். ஆனாலும் தனக்குத் தெரியாததற்கும் அதில் இடம் விட்டிருக்கிறார். இந்த ஆறு புத்தகங்களில் இந்தப் பணிவு வேறு எதிலும் இல்லை.

அட்டவணைகளை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். மேரிக்கும் ஒரு பிரதி போட்டேன்.

தொடர்கதையின் நான்கு அத்தியாயங்களும் முடிந்தன. ஒப்பந்தமும் முடிந்தது. கையேட்டில் காற்று அழுத்தம் பற்றிய அதிகாரம் மட்டும் பாக்கி. "இன்னும் ஒரே ஒரு வாரம், பாய்" என்று கேட்டேன். அவருக்கு இதில் இனி ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் கொடுத்தார்.

ஐந்தாவது திங்கட்கிழமை

அன்று காவிரிப் பாலத்தில் மழை. பஸ் நகரவில்லை. நான் ஆபீசுக்குள் நுழையும்போதே மேரி வாசலில் நின்றாள். சனிக்கிழமை நான் கிளம்பிய பிறகு, அவசர வேலை ஒன்றுக்காகச் சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் அந்தக் கையேட்டைக் கேட்டிருக்கிறார். அலமாரியில் பச்சை அட்டை இருந்த இடம் காலி. ஜமால் பாய் என் பெயரைச் சொல்லவில்லை. காலையில் அவர் மேஜைமேல் மெமோ. இருபத்துநாலு மணி நேரத்தில் விளக்கம் தர வேண்டும்.

நான் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன்.

"வந்துடுச்சுல்ல? முடிஞ்சுது" என்றார். "பைண்டிங்குக்குக் குடுத்திருந்தேன்னு எழுதிடறேன்."

"அட்டை பழசா இருக்கே பாய்."

"அப்ப பைண்டர் சரியில்லன்னு எழுதறேன்."

"பாய், விளையாடாதீங்க. நான் போய்ச் சொல்லிடறேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சொன்னா உங்களைத் தேர்வு எழுத விட மாட்டாங்க. மூணு வருஷம் காத்திருந்திருக்கீங்க. எனக்கு என்ன, ஒரு மெமோதானே?"

"உங்களுக்கு மூணு குழந்தை பாய்."

என் மேஜைக்குப் போய் ஒரு தாள் எடுத்து எண் போட்டு எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் அறைக்குப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இது என்னம்மா, வாக்குமூலமா, விண்ணப்பமா?"

"ரெண்டும் சார். முதல் மூணு வாக்குமூலம். நாலாவது விண்ணப்பம்."

முதல் மூன்று: புத்தகத்தை எடுத்துச் சென்றவள் நான். ஐந்து வாரமும் நான்தான். கேட்டவளும் நான், ஜமால் பாய் என் தொந்தரவு தாங்காமல் கொடுத்தார். நான்காவது: தேர்வுக்கான பாடத்திட்டத்தில் இந்தப் புத்தகம் இருக்கிறது. ட்ரேஸர்கள் தேர்வு எழுதலாம். ஆகவே ட்ரேஸர்கள் இந்தப் புத்தகத்தைப் படிக்க அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்.

"ரூலை உடைச்சுட்டு, அந்த ரூலையே மாத்தச் சொல்றீங்க."

"ஆமாம் சார்."

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சரி, ஐஞ்சு வாரம் படிச்சீங்களே. காத்து அடிச்சா சரிவுக் கூரை அமுங்குமா, தூக்குமா?"

"காத்து வர்ற பக்கம் சரிவைப் பொறுத்தது சார். செங்குத்தா இருந்தா அமுங்கும், தாழ்வா இருந்தா தூக்கும். மறுபக்கம் எப்பவும் தூக்கும்."

அவர் தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். "நீங்க போகலாம்" என்றார்.

மூன்று நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் வந்தது. ட்ரேஸர்கள் மதிய இடைவேளையில் அலமாரி பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகங்களைப் படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஜமால் பாயின் மெமோமேல் நடவடிக்கை இல்லை. தேர்வு எழுதுவோர் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் நீக்கப்பட்டது.

மேரி பலகை முன்னாலேயே அழுதாள். "நானும் எழுதல போ."

"நீ எழுதாம போனேன்னு வச்சுக்கோ, உன்கிட்ட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

"உன் நோட்டை வச்சு நான் மட்டும் எழுதறதா?"

"நோட்டு உனக்கும் சேர்த்துத்தான் போட்டேன். ஒழுங்கா எழுது. காத்து அழுத்தம் கண்டிப்பா வரும்."

வந்தது. எழுதினாள். தேறினாள்.

இப்போது

மேரி இப்போது டிராஃப்ட்ஸ்மேன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பென்சிலால் போடும் படத்தின்மேல் நான் துணியை விரித்து மையால் போடுகிறேன். கோடு சந்தேகமாக இருந்தால் எழுந்து போய் ஏன் என்று கேட்கிறேன். அவளும் சொல்கிறாள். சில நாள், "அது தப்புடி, அழிச்சுடு" என்கிறாள்.

நான் ட்ரேஸராகவே இருக்கிறேன். வரும் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பட்டியல் நேற்று ஒட்டினார்கள், அதில் நான்காவது பெயர் என்னுடையது. கையேட்டை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன், இரண்டு அதிகாரங்கள் பாக்கி. மதியம் அரை மணி நேரம் கிடைக்கிறது. தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது.